விரல்கள் விழிக்கும் நேரம்

அத்தியாயம் 11

லீலா விழித்துவிட்டாள். அவளுடைய விரல்கள் இன்னும் விழிக்கவில்லை.

சிங்கப்பூரின் ஈசூனில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒன்பதாவது மாடி ஜன்னலுக்கு வெளியே எதிர் அடுக்குமாடி புளோக்கும் அதற்கப்பால் ரயில் பாதையும் கரைந்துபோய், விளக்குகள் மட்டும் தண்ணீருக்குள் எரிவதுபோல் தெரிந்தன. ஒரு ரயில் சத்தமே இல்லாமல் போனது. லீலா போர்வை மேல் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். வேறு யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனவை போல இருந்தன. மூடு என்று மனதுக்குள் சொன்னாள். விரல்கள் பாதி வழி வந்து நின்றுவிட்டன.

தூக்கம் அவளை விட்டுப் போன பிறகும் கைகளுக்குள் தங்கிவிடும். அது கிளம்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வேலை நாட்களில் அதற்காகவே முன்கூட்டி எழுந்து, வாளியில் வெந்நீர் நிரப்பிக் கைகளை உள்ளே விட்டபடி குளியலறையில் உட்கார்ந்திருப்பாள். ஆவி முகத்தில் படும்போது கண்ணை மூடினால், கைகள் இரண்டும் தனியாக எங்கோ நீந்திக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

இன்று வேலை இல்லை. இன்று செப்டம்பர் பதினேழு. மார்ச் மாதத்திலிருந்து அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாள்.

முதல் வாரத்திலிருந்து நம்மோடு வருபவர்களுக்கு லீலாவின் கைகளைத் தெரியும். இன்றுதான் ஏறிக்கொண்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தைந்து. பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள், ஈசூனிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நகரத்துக்கு. முதலில் வலித்தவை பாதங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் கூழாங்கற்கள் மேல் நடப்பதுபோல் இருந்தது. புதுச் செருப்பு வாங்கினாள். பிறகு விரல் கணுக்கள் வீங்கின. வீட்டுக்குக் கீழே இருந்த கிளினிக்கில், ஸ்டியரிங் பிடிப்பதால் வருகிறது என்று வலிமாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வாத நோய் இல்லை, நிம்மதியா போங்க" என்றார்கள். அந்த நிம்மதியில் ஒரு வருடம் போயிற்று. சீன வைத்தியரிடம் ஊசி குத்திக்கொண்டாள். தைலம் தேய்த்துக்கொண்டாள். கடைசியில் வேறொரு டாக்டர், கை குலுக்குவதுபோல அவள் கணுக்களை லேசாக அழுத்த, லீலா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அவர்தான் நிபுணரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

"டீ வச்சிருக்கேன். இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன், வாயு எல்லாம் கலைஞ்சிடும்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பிரேம். லீலாவின் கணவன். உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் வேலை. உலகத்தின் எல்லா வலிகளும் வாயுவால் வருகின்றன என்பது அவன் நம்பிக்கை.

"வாயுவா இருந்தா இத்தனை நாளைக்கு இந்த வீடே பறந்திருக்கும்ங்க," என்றாள் லீலா.

மகள் ரோஷினி சீப்போடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். மூன்று மாதமாக அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான்.

"நீயும் வாயேன். டாக்டர் வேகமா இங்கிலீஷ்ல சொன்னா உங்கப்பா பாதிதான் பிடிப்பாரு."

சீப்பு நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"டுட்டோரியல் கிளாஸ் இருக்கு மா. மிஸ் பண்ண முடியாது."

"சரி லா. வந்து சொல்றேன்."

பின்னி முடித்த பிறகும் ரோஷினி அம்மாவின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. லீலாவுக்கு மறுபடி தூக்கம் வருவதுபோல் இருந்தது. மகள் எதற்காகவோ பயப்படுகிறாள் என்பது அந்த அரைத்தூக்கத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

*

ரோஷினி பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டிய நிலையத்தில் ரயில் மாறவில்லை. டோபி காட் வரை போய், அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்து, சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மழை இங்கே தூறலாகியிருந்தது. பூக்கடைக்காரர் பிளாஸ்டிக் விரிப்பை உதற, நீர் வளைந்து விழுந்தது. ஈரத்தில் மல்லிகையும் டீசலும் கலந்து மணத்தன. தொடக்கப்பள்ளியில் படித்தபோது தமிழ் டியூஷன் முடிந்து இதே இடத்தில்தான் காத்திருப்பாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் குடையோடு வருவார்கள். இவளுடைய அம்மா மட்டும் இரண்டு அடுக்குப் பேருந்தோடு வருவாள். கதவு திறந்ததும் பயண அட்டையைத் தட்டிவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் பேசாமல் மேலே ஓடி முதல் இருக்கையில் உட்காருவாள். பேசினால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று நினைத்திருந்த வயது. கீழே அம்மா ஸ்டியரிங்கைத் திருப்ப, மேலே இவளுடைய உலகம் முழுவதும் மெதுவாகத் திரும்பும்.

அந்தக் கைகளுக்குத்தான் அவள் இதைச் செய்திருந்தாள்.

நிபுணரைப் பார்க்க மருத்துவமனை முதலில் கொடுத்தது செப்டம்பர் அல்ல. மே ஏழு, காலை பத்து மணி. வீட்டில் இந்த வேலையெல்லாம் ரோஷினியுடையது. அம்மாவின் போன், அம்மாவின் பாஸ்வேர்ட், எல்லாம் அவள் விரல் நுனியில். அதே மே ஏழு, அதே பத்து மணிக்கு, அவளுக்குப் பாலிடெக்னிக் பட்டமளிப்பு. பெற்றோருக்கு இரண்டு டிக்கெட். அம்மாவிடம் சொன்னால் அம்மா பட்டமளிப்புக்குத்தான் வருவாள், கைக்கு வந்த தேதியை விட்டுவிட்டோமே என்ற எண்ணமும் கூடவே வரும். அப்பா ஏதாவது முணுமுணுப்பார். எதற்கு அதெல்லாம்? ஒரு வாரம் தள்ளி வைத்தால் போயிற்று என்று நினைத்தாள். திரையைத் தட்டினாள். அடுத்த தேதி என்று செப்டம்பர் பதினேழு வந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போன் பண்ணி முன்னால் கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு, சரி என்று அழுத்தினாள்.

இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. மூன்றாவது முறை செய்யவில்லை. "செப்டம்பர் தான் கொடுத்திருக்காங்க மா," என்றாள். "அவ்ளோ கூட்டம் போல," என்று அம்மா நம்பிவிட்டாள்.

பட்டமளிப்பு மேடையில் ரோஷினியின் பெயரைப் படித்தபோது அரங்கம் கைதட்டியது. நீலப் பட்டுப்புடவையில் அம்மா எழுந்து நின்றாள். கைகளைச் சேர்த்துத் தட்ட முடியாமல், சுருட்டிய நிகழ்ச்சித் தாளால் தன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். மேடையிலிருந்து அது தெளிவாகத் தெரிந்தது. புகைப்படத்தில் ரோஷினி சிரிக்காததற்கு அதுதான் காரணம்.

*

மருத்துவமனைக் கூடத்தில் குளிர் அதிகம். லீலா கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மெதுவாக நடக்கும் மனிதர்கள். எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அவளும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

எண் வந்தது. முகப்பில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் கேட்டாள். "மேடம், மே ஏழாம் தேதி அப்பாய்ன்ட்மென்ட்டை நீங்க இணையத்துல மாத்தியிருக்கீங்க. உங்க போன் நம்பர் அதே தானே?"

"மே ஏழா?" என்றான் பிரேம்.

மே ஏழு. நீலப் புடவை. அரங்கத்து விளக்குகள். போனில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்றுகூட லீலாவுக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். காலையில் நின்றுபோன சீப்பு ஞாபகம் வந்தது. தலையிலிருந்து எடுக்காத கையும்.

முகப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணுக்களில் சுருக்கென்றது.

"ஆமா," என்றாள். "நான்தான் மாத்தினேன். நம்பர் அதேதான்."

நாற்காலிக்குத் திரும்பினார்கள். உட்கார்ந்ததும் பிரேம் ஆரம்பித்தான். "நாலு மாசம், லீலா. கிடைச்சத விட்டுட்டு வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தியா? உனக்கே அக்கறை இல்லன்னா நான் என்ன பண்ண?"

"பொண்ணு பட்டம் வாங்கற நாளுங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் போய் நின்னு வேற தேதி வாங்கியிருப்பேன்ல?"

அவன் குரலில் கோபம் பாதிதான். மீதி என்னவென்று லீலாவுக்குத் தெரிந்தது. அவளுக்குள்ளும் ஒரு கோபம் எழுந்துகொண்டிருந்தது, வேறு முகவரிக்கு.

*

டாக்டர் ஃபர்சானாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். "தமிழ்லயே பேசலாமா? எனக்கும் நல்ல பிராக்டிஸ்," என்று சிரித்தார். லீலாவின் கைகளைத் தன் உள்ளங்கைகளில் ஏந்தி, ஒவ்வொரு கணுவாகத் தொட்டார். இரண்டு வருடத்தில் இவ்வளவு நேரம் யாரும் அந்தக் கைகளைப் பார்த்ததில்லை. லீலாவுக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை.

"காலைல விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒன்றரை மணி நேரம். சில நாள் ரெண்டு."

போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையையும் எக்ஸ்ரே படத்தையும் டாக்டர் திரையில் திறந்தார். "இது ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ். தமிழ்ல முடக்குவாதம்."

பிரேம் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "கை கால் விழுந்துடுமா டாக்டர்?"

"இல்ல சார், நீங்க நினைக்கிறது பக்கவாதம். இது வேற. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம மூட்டைத் தாக்குது."

"அப்ப வாயு இல்லையா?"

"இல்ல சார்."

பிரேம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ரத்தம் எடுத்து இந்த நோய் இல்லன்னு சொன்னாங்களே," என்றாள் லீலா.

"அன்னிக்கு ஒரே ஒரு டெஸ்ட் பாத்திருக்காங்க. சில பேருக்கு அதுல ஒண்ணும் தெரியாது, நோய் இருக்கும். வீக்கத்தையும் சேத்துப் பாக்கணும்." டாக்டர் திரையில் ஓர் இடத்தைப் பேனாவால் காட்டினார். வலது சுண்டுவிரலின் அடியில், எலும்பின் ஓரம் சின்னதாகக் கடிபட்டிருந்தது. "இது அரிப்பு. போனது திரும்ப வராது. ஆனா இதோட நிறுத்தலாம். அதுக்குத்தான் மருந்து."

"மே மாசம் வந்திருந்தா இது இருந்திருக்காதா?" என்றான் பிரேம்.

டாக்டர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "அப்ப படம் எடுக்கலையே, உறுதியா சொல்ல முடியாது. சீக்கிரம் ஆரம்பிச்சிருந்தா நல்லதுதான். ரெண்டு வருஷம் முன்னாடின்னா இன்னும் நல்லது. இன்னிக்கு ஆரம்பிக்கறதும் லேட் இல்ல."

வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரைகள். வீக்கம் அடங்கும்வரை வேறொரு மாத்திரை. கல்லீரலைக் கவனிக்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மருந்து முழுதாக வேலை செய்ய ஆறு வாரம், பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். பிரேம் தன் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஓட்டறேன்."

டாக்டரின் பேனா நின்றது. "எப்பவாவது பிடி விட்டிருக்கா?"

பிரேமிடம்கூடச் சொல்லாத ஒன்றை லீலா அப்போது சொன்னாள். போன வியாழக்கிழமை, ஈசூன் பேருந்து முனையத்துக்குள் திரும்பும்போது வலது மணிக்கட்டில் ஒரு மின்னல். ஸ்டியரிங் கையிலிருந்து நழுவி, முன்சக்கரம் ஓரக்கல்லின் மேல் ஏறி இறங்கியது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். யாருக்கும் அடியில்லை. நின்றதும் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவள் அறிக்கை எழுதவில்லை. எழுதியிருந்தால் கையைப் பற்றியும் எழுத வேண்டும்.

பிரேம் அவளையே பார்த்தான்.

"ஆறு வாரம் மெடிக்கல் லீவு தர்றேன்," என்றார் டாக்டர் மெதுவாக. "கையில பலம் வரட்டும், பாத்துட்டு மறுபடி ஓட்டறதப் பத்திப் பேசலாம். வியாழக்கிழமை நடந்தத நான் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

மருந்தகத்தில் பிரேம் பெட்டியை வாங்கிக்கொண்டு, "திங்கக்கிழமை மட்டும் தானே? தினமும் இல்லையே?" என்று மூன்று முறை கேட்டான். மூன்றாவது முறை கேட்கும்போது அவன் கண் நிறைந்திருந்தது. லீலா அதைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு மகளுக்குப் போன் செய்தாள்.

"எங்க இருக்க?"

"...லிட்டில் இந்தியால மா."

"டுட்டோரியல்?"

பின்னணியில் பேருந்துக் கதவு ஒன்று பெருமூச்சுவிட்டு மூடியது. அந்தச் சத்தம் லீலாவுக்கு நன்றாகத் தெரியும்.

"அங்கேயே இரு. வர்றோம்."

*

மழை விட்டிருந்தது. சிராங்கூன் சாலை முழுவதும் ஒரு மங்கலான வெயில் படர்ந்து, நனைந்த கடைப்பெயர்கள் தரையில் தலைகீழாக மிதந்தன. லீலா பேருந்திலிருந்து பயணியாக இறங்கினாள். ரோஷினி எழுந்து நின்றாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத முகம்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

பிரேம் முந்திக்கொண்டான். "எலும்பு அரிச்சிருக்கு. மே மாசமே தேதி கிடைச்சிருக்கு ரோஷினி, தெரியுமா உனக்கு? உங்கம்மாதான் மாத்தி வச்சிருக்கா. உன் பட்டமளிப்புக்கு வரணும்னு. கேளு அவள."

ரோஷினி அம்மாவைப் பார்த்தாள். லீலா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா அப்படிச் சொன்னாங்களா?"

"கவுன்டர்லயே சொன்னா. நான்தான் மாத்தினேன்னு."

பேருந்து ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அந்த நிமிடத்தில் ரோஷினி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அம்மா கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"அப்பா, அம்மா இல்ல. நான்தான்."

"என்ன நான்தான்?"

"நான்தான் மாத்தினேன். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாரம் தள்ளும்னு நினைச்சேன் பா. செப்டம்பர்னு வந்துச்சு. தெரிஞ்சேதான் அழுத்தினேன்." அவள் அழவில்லை. அழுதால் அவர்கள் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

பிரேம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மருந்துப் பை மடியில் கிடந்தது. "ரெண்டு வருஷமா இஞ்சியத் தட்டிப் போட்டுட்டு இருந்தவன் நான்," என்றான் கடைசியில். "உன்னை என்னன்னு திட்டுவேன்?"

"நான் திட்டுவேன்," என்றாள் லீலா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கோபமா இருக்குடி. இல்லன்னு சொன்னா பொய். ராத்திரி வலி தாங்காம எந்திரிச்சு உக்காந்திருக்கும்போதெல்லாம் செப்டம்பர், செப்டம்பர்னு சொல்லிக்குவேன். நீ பக்கத்து ரூம்ல இருந்த." அவள் குரல் உயரவே இல்லை. "கவுன்டர்ல உன்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரல. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல. கொஞ்ச நாள் ஆகும்."

"எவ்ளோ நாள் ஆனாலும் சரி மா," என்றாள் ரோஷினி.

பெஞ்சில் பிரேமுக்கு இந்தப் பக்கம் லீலாவும் அந்தப் பக்கம் மகளுமாக உட்கார்ந்தார்கள். பேருந்துகள் வந்து வந்து போயின. தெரிந்த ஓட்டுநர் ஒருவர் கண்ணாடிக்குள்ளிருந்து கையை உயர்த்தினார். லீலாவும் உயர்த்தினாள். பெரிய கண்ணாடிகளில் ஈரமான வானம் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு வருடமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளுக்கு, வெளியிலிருந்து அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது. தன் மகள் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கிறாள். தானும் ஒன்றை ஆறு நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

போனை எடுத்தாள். முனையத்தின் மேற்பார்வையாளர் நாகூர் கனியின் எண்ணைத் தேடினாள்.

"இன்னிக்கே சொல்லணுமா?" என்றான் பிரேம்.

"நாளைக்குன்னா சொல்ல மாட்டேன்ங்க."

இரண்டாவது முறை ஒலிப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். "சொல்லுங்க லீலா. லீவுதானே இன்னிக்கு?"

"பாய், போன வியாழக்கிழமை உள்ள திரும்பும்போது பஸ் ஓரக்கல்லு மேல ஏறிடுச்சு. நான் ரிப்போர்ட் எழுதல. கைக்கு முடியல பாய், நோய் இருக்கு. இன்னிக்குத்தான் பேரு தெரிஞ்சுது. தெரியாம இருந்தப்பவும் நான் ஓட்டியிருக்கக் கூடாது."

மறுமுனையில் முனையத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் எங்கோ ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு வந்து எழுதிக் கொடுத்திடுங்க. விசாரணை இருக்கும். அத நான் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன்." பிறகு, "ஆனா எனக்கு முன்னாடியே தெரியும் லீலா. நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார்.

"எப்படி பாய்?"

"காலைல ஒரு அம்மா வந்தாங்க. அன்னிக்கு உங்க பின் சீட்டுலயே உக்காந்து உங்க கையவே பாத்துட்டு வந்தவங்களாம். நடந்தத ஒண்ணு விடாம சொன்னாங்க. புகார் எழுதுங்கன்னு பேப்பரக் கொடுத்தேன், வாங்கல. அந்த டிரைவரப் பாக்கணும், நேரம் இருக்கும்போதே பாக்கணும்னாங்க. எதுக்குன்னு கேட்டேன்." நாகூர் கனி தயங்கினார். "ரெண்டு கையையும் என் மேசை மேல எடுத்து வச்சாங்க. அப்படி மடங்கின கைய நான் பாத்ததில்ல லீலா. போன் நம்பரக்கூட என்னைத்தான் எழுதிக்கச் சொன்னாங்க. தரட்டுமா?"

லீலா போனைக் காதிலிருந்து எடுக்காமல், பிரேமைத் தாண்டி மகளின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நம்பர் சொல்றாரு," என்றாள். "எழுதிக்க."